தேர்தல் என்னும் பழைய சொல்: மதுரைச் சமவெளியில் விதியும் விவேகமும்

1. கேள்வி

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் பாண்டியன் இடும் ஆணை ஒரே ஒரு வாக்கியம். ஊடல் கொண்டு எழுந்துபோன தேவியைத் தேடி அந்தப்புரத்துக்குப் போகும் வழியில் அதைச் சொல்கிறான். தேவியின் சிலம்பைத் தானே திருடி மறைத்த பொற்கொல்லன் வாயிலில் காத்திருந்து, மன்னன் காலில் விழுகிறான்; திருடன் என் குடிலில்தான் இருக்கிறான் என்கிறான். ஊர்காவலரை அழைத்த மன்னன், சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று, சிலம்பைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டு நடக்கிறான்.

இந்தக் காட்சியைப் பற்றி எழுதியவர்கள் மன்னனையும் பொற்கொல்லனையும் பற்றி நிறையவே எழுதிவிட்டார்கள். காவலர்களைத் திரும்பிப் பார்த்தவர்கள் குறைவு. ஆனால் இளங்கோ அவர்களுக்குக் கணிசமான இடம் கொடுத்திருக்கிறார். மனைவி கண்ணகியின் சிலம்பை விற்க வந்து அந்தக் குடிலில் இருந்த கோவலனைப் பார்த்ததும் அவர்கள் தயங்குகிறார்கள். இவனைப் பார்த்தால் கொலைக்குரியவனாகத் தெரியவில்லையே என்கிறார்கள். பொற்கொல்லன் சிரித்துவிட்டு, கள்வருக்குத் துணைநிற்பவை மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டு உண்டு என்று களவுநூல் பாடம் நடத்துகிறான். காவலரில் இளைஞன் ஒருவன், மழை இருட்டில் தன்னிடமிருந்து நழுவிப்போன ஒரு திருடனின் கதையைச் சொல்கிறான். அரசன் நம்மைத் தண்டிப்பானே, என்ன செய்யலாம், சொல்லுங்கள் என்று மற்றவர்களைக் கேட்கிறான். பேச்சு முடிவதற்குள் கல்வியறிவில்லாத ஒருவனின் வாள் விழுந்துவிடுகிறது.

ஆணையில் இருந்த நிபந்தனை ஒன்றே: சிலம்பு கையில் இருக்க வேண்டும். சிலம்பு கையில் இருந்தது. ஆக, ஆணை எழுத்துப் பிசகாமல் நிறைவேறியது. மன்னன் ‘கொல்ல’ என்று நினைத்து ‘கொன்று’ என்று வாய்தவறிச் சொல்லிவிட்டான் என்றொரு விளக்கம் நம் வகுப்பறைகளிலும் பட்டிமன்றங்களிலும் நெடுநாளாகப் புழங்குகிறது. சுவையான விளக்கம்தான். பழியை ஒரு விகுதியின் தலையில் கட்டிவிட்டு, அங்கே நின்றிருந்த அத்தனை பேரையும் அது வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. சந்தேகம் வந்த காவலர்களில் ஒருவர்கூட அரண்மனைக்குத் திரும்பிப்போய் மன்னனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே, ஏன் என்ற கேள்வியை அது எழுப்புவதில்லை.

இக்கட்டுரை எடுத்துக்கொள்வது அந்தக் கேள்வியைத்தான். ஒரு விதியோ ஆணையோ நம் கைக்கு வரும்போது, அதை நம் அறிவால் எடைபோட நமக்கு இடமுண்டா? இடமுண்டென்றால் எதுவரை? அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்? காப்பியத்தை விட்டுவிட்டு, மதுரை நகரும் அதைச் சூழ்ந்த கண்மாய்ச் சமவெளியும் கண்ட மூன்று நிகழ்வுகளை இதற்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறேன்: 1939-இன் ஆலயப் பிரவேசம், கண்மாய் நீர்ப் பங்கீடு, 1996 முதல் 2006 வரை பயனற்றுப்போன ஊராட்சித் தேர்தல்கள்.

2. இதுவரை சொல்லப்பட்டவை

சட்டம் பொதுவாகவே பேச முடியும், வாழ்க்கை தனித்தனியாகவே வருகிறது என்ற சிக்கலை அரிஸ்டாட்டில் கண்டிருந்தார். லெஸ்போஸ் தீவின் கொத்தர்கள் ஈயத்தால் ஆன அளவுகோலை வைத்திருந்தார்கள். கல்லின் வளைவுக்கேற்ப அது வளையும். நியாயம் சில இடங்களில் அந்த ஈயக்கோலைப் போல இருக்க வேண்டும் என்றார் அவர். 1958-இல் ஆங்கிலேயச் சட்டவியலாளர் ஹார்ட், ‘பூங்காவுக்குள் வாகனங்கள் வரக்கூடாது’ என்ற எளிய விதியை எடுத்துக்கொண்டு, சொல்லுக்குத் தெளிவான நடுப்பகுதியும் மங்கலான ஓரமும் உண்டென்றார். கார் வாகனம், சக்கரம் மாட்டிய காலணி வாகனமா? அமெரிக்கரான ஃபுல்லர் இதற்கு மறுப்பு எழுதினார். போரில் பயன்பட்ட, இன்றும் ஓடக்கூடிய ஒரு லாரியை நினைவுச் சின்னமாகப் பூங்காவில் ஏற்றி வைத்தால் என்ன செய்வது என்று கேட்டார். அது சந்தேகமில்லாமல் வாகனம்தான். ஆனால் அதைத் தடுக்கவா விதி போட்டோம்? விதியின் நோக்கம் தெரியாமல் விதியின் சொல்லும் விளங்காது என்பது அவர் வாதம். 1980-இல் லிப்ஸ்கி இன்னும் கீழே இறங்கி வந்தார். ஆசிரியர், போலீஸ்காரர், நிவாரண அலுவலர் எனக் களத்தில் நிற்பவர்களின் அன்றாட முடிவுகளே நடைமுறையில் அரசின் கொள்கையாகிவிடுகின்றன என்றார்.

லிப்ஸ்கியை நிரூபிக்க அமெரிக்கா போக வேண்டியதில்லை. என் உறவினர் ஒருவருக்குக் குடும்ப ஓய்வூதியம் வாங்கப் போன அலுவலகத்தில், ஓர் ஆவணத்தில் ‘மீனாக்ஷி’, இன்னொன்றில் ‘மீனாட்சி’ என்று இருப்பதால் இருவரும் வெவ்வேறு ஆட்கள் என்று மனுவைத் திருப்பினார்கள். மீனாட்சி பட்டணத்தில்! மூன்று மாதம் அலைந்தபிறகு, அதே அலுவலகத்தின் அடுத்த மேசைக்காரர் ஓர் உறுதிமொழிக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு, அதே விதியின் கீழ், அதே மனுவை ஏற்றுக்கொண்டார். முதலாமவர் விதியைக் கடைப்பிடித்தார், இரண்டாமவர் சலுகை காட்டினார் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. இருவருமே விதிக்குப் பொருள்கொண்டவர்கள்தாம். முதலாமவர் தான் பொருள்கொண்டதை மறைக்க விதியைத் திரையாகப் பிடித்தார்.

இந்தச் சிக்கலைத் தமிழ் இலக்கண மரபு வேறொரு விதத்தில் கையாண்டது. அதற்குப் பெயர் புறனடை. தொல்காப்பியம் முதல் நன்னூல் வரை, விதிகளை அடுக்கி முடித்தபின் நூலாசிரியர் ஒரு சூத்திரம் வைப்பார்: இங்கே சொல்லாமல் விட்டவை வந்தால், சொன்னவற்றின் வழியைப் பார்த்து, வழக்கை நோக்கி அமைத்துக்கொள்க என்பது அதன் சாரம். விதி எழுதியவரே தன் விதி போதாது என்று விதியாகவே எழுதிவைப்பது இது. இதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. விலக்கு என்பது விதிக்கு வெளியிலிருந்து வரும் சலுகை அல்ல என்றாகிறது. பொருள்கொள்பவர் தன் விருப்பம்போல் போகவும் முடியாது. சொன்னவற்றோடு அது பொருந்தியாக வேண்டும்.

ஆனால் புறனடையிலும் ஒரு முள் இருக்கிறது. வழக்கை நோக்கு என்றால், யாருடைய வழக்கை? வழக்கென்பது உயர்ந்தோரைச் சார்ந்தது என்று மரபியல் சொல்கிறது. உயர்ந்தோர் என்றால் அறிவால் உயர்ந்தவர் என்று நாம் நல்லெண்ணத்தோடு உரை எழுதலாம். ஊரில் அந்தச் சொல்லுக்கு எப்போதும் வேறு பொருள் இருந்துவந்திருக்கிறது. தமிழில் வழக்கு என்றால் நடைமுறை; நீதிமன்றத்துக்குப் போனாலும் அது வழக்குதான். கமுதியில் தொடங்கிய வழக்கில் இந்த இரண்டு பொருளும் மோதிக்கொண்டன.

3. கமுதியிலிருந்து கிழக்குக் கோபுரம் வரை

1897 மே மாதம் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்து வழிபட்டார்கள். கோயிலின் பரம்பரை அறங்காவலரான ராமநாதபுரம் அரசர் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். மதுரைச் சார்பு நீதிமன்றம் 1899-இல் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்தைத் தாண்டி லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், 1908-இல் அங்கும் அதே முடிவோடு நின்றது.

இந்த வழக்கைச் சாதி வரலாறாகவே படித்துப் பழகியிருக்கிறோம். அதன் நடுவே நம் கேள்விக்கு நேராகத் தொடர்புள்ள ஒரு திருப்பம் இருக்கிறது. மேல்முறையீட்டின்போது சேதுபதி மனம் மாறி நாடார்களோடு சமரசத்துக்கு உடன்பட்டார். நீதிமன்றங்கள் அந்தச் சமரசத்தை ஏற்கவில்லை. கோயில் வழக்கப்படி உரிமையில்லாதவர்களை அனுமதிக்க ஓர் அறங்காவலர் சம்மதித்தால், அவர் தன்னிடம் ஒப்படைத்த பொறுப்புக்குத் துரோகம் செய்தவர் ஆகிறார் என்பது அவற்றின் நிலை. வழக்குப் போட்டவரே வழக்கைக் கைவிட விரும்பினாலும் முடியாது. வழக்கம் அவரைவிடப் பெரியது. விவேகத்துக்கு இருந்த கதவை உச்ச அதிகாரம் தாழிட்டு, அந்த விவேகத்துக்கு நம்பிக்கைத் துரோகம் என்று பெயரும் சூட்டியது.

1939 ஜூலை 8-ஆம் தேதி காலை மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் நடந்ததை இந்தத் தாழ்ப்பாளை நினைவில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். தமிழ்நாடு அரிஜன சேவா சங்கத் தலைவர் அ. வைத்தியநாத அய்யர், தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த கக்கன், முருகானந்தம், சின்னையா, பூர்ணலிங்கம், முத்து ஆகிய ஐவரையும் விருதுநகர் சண்முக நாடாரையும் அழைத்துக்கொண்டு உள்ளே போனார். வாசலில் தடுக்க வேண்டிய கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு தடுக்கவில்லை, வரவேற்றார்.

நாயுடுவின் கையில் அன்று என்ன விதி இருந்தது? மலபார் பகுதிக்கு மட்டும் 1938-இல் ஓர் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்திருந்தது. அது மதுரைக்குப் பொருந்தாது. மாகாணம் முழுமைக்குமாக எம்.சி. ராஜா கொண்டுவந்த மசோதாவை ராஜாஜி அரசு ஏற்கவில்லை. அறநிலையச் சட்டம் வழக்கங்களைக் காக்கச் சொன்னது. எல்லாவற்றுக்கும் மேலே 1908 தீர்ப்பு இருந்தது: அனுமதிப்பவர் துரோகி. ஏட்டின்படி அவர் செய்ய வேண்டியது கதவைச் சாத்துவதுதான்.

பட்டர்களில் ஒரு பகுதியினர் அதைத்தான் செய்தார்கள். கோயில் தீட்டுப்பட்டுவிட்டது, சுத்தி செய்யாமல் பூசை இல்லை என்றார்கள். சிலர் கோயிலை விட்டே வெளியேறி, நகரில் வேறொரு இடத்தில் மீனாட்சியை எழுந்தருளச் செய்து வழிபட்டார்கள். அவர்களை வெறும் வெறியர்கள் என்று ஒதுக்குவது எளிது. ஆய்வுக்கு அது உதவாது. தம்மிடம் ஒப்படைத்த விதியைத் தம் சொந்தக் கருத்தால் மாற்ற உரிமையில்லை என்று அவர்கள் நம்பினார்கள். பிரிவி கவுன்சில் அவர்கள் பக்கம்தான் இருந்தது. ஆனால் வேறு சில பட்டர்கள் அதே ஆகமத்தை வைத்துக்கொண்டு பூசையைத் தொடர்ந்தார்கள் என்பதையும் பதிய வேண்டும். நூல் ஒன்றே. பொருள்கொண்டவர்கள்தாம் இருவேறு.

சட்டம் பிறகுதான் வந்தது. நுழைவுக்குத் துணைநின்ற அதிகாரிகளையும் அறங்காவலர்களையும் வழக்குகளிலிருந்து காப்பாற்ற ஜூலையிலேயே ஓர் அவசரச் சட்டம் வந்தது. பின்னர் சட்டமன்றம் ஆலயப் பிரவேச அனுமதி மற்றும் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அக்டோபர் முடிவில் ராஜாஜி அமைச்சரவையே பதவி விலகிவிட்டது. சில வாரங்கள் தவறியிருந்தால் கதை வேறாகியிருக்கும். அந்தச் சட்டத்தின் அமைப்பையும் கவனிக்க வேண்டும். எல்லாக் கோயில்களையும் திறக்க அது ஆணையிடவில்லை. வழிபடுவோர் பொதுவாக எதிர்க்கவில்லை என்று அறங்காவலர் கருதினால், அரசின் ஒப்புதலோடு திறக்கலாம் என்றது. 1908-இல் துரோகம் என்று பெயர் பெற்ற அறங்காவலரின் கருத்து, 1939-இல் சட்டத்தின் அச்சாணியாகிவிட்டது. எல்லாக் கோயில்களிலும் நுழையும் உரிமையைச் சட்டமாக்கியது 1947-இன் சட்டம்.

இந்த நிகழ்வு முன்னேற்பாடான நாடகம், அரசியல் கணக்கு என்ற விமர்சனம் அன்றே எழுந்தது. ஆட்சியில் இருப்பவர் நண்பராக இருக்கும்போது காட்டும் துணிச்சல் எவ்வளவு துணிச்சல் என்ற ஐயத்தை நானும் முழுதாகத் தள்ளமாட்டேன். முன்கூட்டியே நம்பிக்கை கொடுத்திருந்தாலும், ஆளுநரின் கையெழுத்து விழும்வரை சட்டத்தின் முன் நிற்க வேண்டியவர் நிர்வாக அதிகாரிதான். அவர் பட்டப்பகலில், தன் பதவியின் பெயரில், எல்லோரும் பார்க்கச் செய்தார். காவலரின் வாள் விழுந்ததற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அங்கே தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

4. மடைக்காரரின் முழங்கால் அளவு

அன்று கோயிலுக்குள் போன ஐவரில் ஒருவரான மேலூர்ப் பக்கத்துத் தும்பைப்பட்டி கக்கன், 1957-இல் மாநிலத்தின் பொதுப்பணித்துறை அமைச்சரானார். 1959-இல் வைகை அணை திறக்கப்பட்டபோதும் அந்தத் துறை அவரிடமே இருந்தது. அந்த அணையின் தண்ணீர்தான் இன்று பேரணையிலிருந்து பெரியாறு பிரதானக் கால்வாய் வழியே மேலூர்வரை போகிறது.

அணை திறக்கும் அரசாணைகளைச் சேர்த்துவைத்துப் படித்தால் ஒரு நடை பழகிப்போகும். பேரணை முதல் கள்ளந்திரி வரையிலான இருபோகப் பாசனம் 45,041 ஏக்கர். மேலூர், திருமங்கலம் பகுதிகளின் ஒருபோகம் 1,05,002 ஏக்கர். 120 நாட்களில் 45 நாட்கள் முழுமையாகவும் 75 நாட்கள் முறை வைத்தும் தண்ணீர் விடப்படும். இப்படித் துல்லியமாகப் போகும் ஆணை, நீர் இருப்பையும் வரத்தையும் பொறுத்துத் தேவைக்கேற்ப என்று முடியும். பொதுப்பணித்துறை எழுதிய புறனடை அது. அந்தத் ‘தேவைக்கேற்ப’ என்ற சொல்லைச் செயலாக்குபவர் கண்மாய்க்கரையில் நிற்கும் நீர்க்கட்டி.

மடைக்காரர், நீர்பாய்ச்சி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். பெரும்பாலும் தலித் சமூகத்தவர். ஆயக்கட்டில் சொந்த நிலம் இல்லாதவராகப் பார்த்து அமர்த்துவது பல கண்மாய்களில் வழக்கம். நிலம் இருந்தால் தண்ணீர் தன் வயல் பக்கம் சாயும் என்ற கணக்கு. கூலி, அறுவடையில் ஏக்கருக்கு இவ்வளவு நெல்.

மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாயில் அப்படி ஒருவரோடு ஒருநாள் விடியற்காலையில் நடந்தேன். வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் வரப்பிலேயே மறித்தார்.

“என்னப்பா, இன்னிக்கு முறை எனக்குத்தானே?”

“முறை உங்களுக்குத்தாங்கய்யா. யார் இல்லேன்னா? ஒங்க வயல்ல ஈரம் கெடக்கு. அங்கிட்டுக் கடமடையில கதிரு பால் பிடிக்கிற நேரம். வெடிச்சுக் கெடக்கு. ரெண்டு நாழி விட்டுட்டு வந்திர்றேன்.”

“எழுதிவச்ச முறைன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?”

அவர் பதில் சொல்லவில்லை. மம்பட்டியால் வாமடையில் இரண்டு கட்டி மண்ணையும் ஒரு பிடி வைக்கோலையும் வைத்து மிதித்தார். முக்கால் பங்கு அடைத்து, கால் பங்கு விட்டார். பெரியவரின் வயலுக்கும் ஒரு நூல் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிறகு வாய்க்காலில் இறங்கி நின்று, தண்ணீர் முழங்காலுக்குக் கீழே எங்கே தொடுகிறது என்று பார்த்துக்கொண்டார். அதுதான் அவருடைய அளவுகோல். ஈயக்கோலை அரிஸ்டாட்டில் இதைவிடத் தெளிவாக விளக்கியிருப்பாரா தெரியவில்லை.

அவர் முறையை மீறினாரா? முறை எதற்காக வந்தது என்று கேட்டால் விடை வேறு விதமாக வரும். தலைமடைக்காரன் வயல் நிறைந்து, கடைமடைக்காரன் பயிர் சாகக்கூடாது என்பதற்காகத்தான் முறை. முறையின் நாளைத் தள்ளி, முறையின் நோக்கத்தை அவர் காத்தார். இந்த அதிகாரம் அவருக்கு எழுத்தில் இல்லை. ஆனால் கட்டுப்பாடு இல்லாத அதிகாரமும் அல்ல. அன்று மாலையே மந்தையில் அந்தப் பெரியவர் நான்கு பேர் முன்னால் கேட்பார். இவர் காரணம் சொல்ல வேண்டும். மறுநாள் அந்த இரண்டு நாழிகையைத் திருப்பித் தர வேண்டும். ஒரு போகம் தவறு செய்தால் அடுத்த போகத்துக்கு வேறு ஆள். தப்பு செய்தால் கடைமடைப் பயிரே காட்டிக்கொடுத்துவிடும்.

இதை இலட்சியமாக்கிவிடவும் கூடாது. தண்ணீரைப் பங்கிடும் நியாயத்துக்கு ஊர் இவரை நம்புகிறது. அதே ஊர் மந்தையில் இவர் நின்றுகொண்டுதான் பேசுவார். உட்கார்ந்திருப்பவர்களுக்குக் காரணம் சொல்லும் கடமை இல்லை. பொறுப்பு கீழே இருப்பவருக்கு மட்டும், பொருள்கொள்ளும் உரிமை மேலே இருப்பவருக்கு மட்டும் என்று பிரிந்திருக்கும் ஊரில், அந்த உரிமை எப்படியெல்லாம் பயன்படும் என்பதைக் காட்டுவது அடுத்த சான்று.

5. எழுத்துப் பிசகாத மறுப்பு

73-ஆவது அரசமைப்புத் திருத்தமும் 1994-இன் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் சேர்ந்து, சில ஊராட்சிகளின் தலைவர் பதவியைத் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கின. 1996-இல் மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஆகியவை அப்படி ஒதுக்கப்பட்டன. பத்தாண்டுகள் அங்கே முறையான தலைவர் இல்லை.

சட்டத்தை வெளிப்படையாக மீறிய கதையாக மட்டும் இதைப் பார்க்கக்கூடாது. சில முறை யாரும் வேட்புமனு போடவில்லை. போடாமல் இருப்பது குற்றமல்ல. சில முறை ஆதிக்கச் சாதியினர் தாங்களே ஒரு தலித்தை நிறுத்தினார்கள். வாக்குப்பதிவு நடந்தது, வெற்றி அறிவிப்பு வந்தது, பதவியேற்பும் நடந்தது; உடனேயே ராஜினாமா. இதில் எந்த விதி மீறப்பட்டது? ஒன்றுமில்லை. ராஜினாமா செய்யச் சட்டத்தில் இடமிருக்கிறது. சட்டத்தின் ஒவ்வொரு படியிலும் கால் வைத்து நடந்தே சட்டத்தைத் தோற்கடித்தார்கள். அதிகாரிகளும் தம் பங்கை எழுத்துப்படி செய்தார்கள்: அறிவிக்கை, மனு இல்லை என்ற குறிப்பு, மீண்டும் அறிவிக்கை. கோப்பில் குறையே இல்லை.

அப்படி ஒதுக்கப்பட்ட இன்னோர் ஊராட்சியான மேலவளவில் வேறு விதமாக நடந்தது. அங்கே வென்று தலைவராகப் பதவியேற்ற முருகேசன், ராஜினாமா செய்யவில்லை. 1997 ஜூன் 30 அன்று அவரும் அவரோடு இருந்த ஐவரும் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டியில் ராஜினாமாக் கடிதங்கள் ஏன் அவ்வளவு வேகமாக எழுதப்பட்டன என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

2006 அக்டோபரில் நான்கு ஊராட்சிகளிலும் தேர்தல் நடந்து, தலைவர்கள் பதவியில் நிலைத்தார்கள். சட்டத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. புதிய ஆட்சியின் அழுத்தம், இடதுசாரி மற்றும் தலித் இயக்கங்களின் பல ஆண்டுப் போராட்டம் ஆகியவற்றுக்கு இதில் பெரும்பங்கு உண்டு. ஓர் அதிகாரியின் சாதனையாகச் சுருக்குவது வரலாற்றுப் பிழை. ஆனாலும் அன்றைய மதுரை ஆட்சியர் உதயச்சந்திரன் தன் வேலைக்குக் கொண்ட பொருள் முந்தைய பத்தாண்டுகளின் பொருளிலிருந்து மாறியிருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். தேர்தல் நடத்துவது என்றால் அறிவிக்கை ஒட்டுவது என்று அவர் கொள்ளவில்லை. ஊர்களுக்குப் போய்த் திரும்பத் திரும்பப் பேசுவது, வென்றவர் நாற்காலியில் தொடரும் சூழலை உருவாக்குவது, இவையும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும் என்று கொண்டார். ஃபுல்லரின் லாரி உதாரணம் கேட்டதும் இதைத்தான்.

6. எதிர்வாதமும் ஒரு முடிவும்

எல்லோரும் விதிக்குத் தம் போக்கில் பொருள்கொண்டால் விதி எதற்கு? இது வெறும் வாதத்துக்காகக் கேட்பது அல்ல. பாப்பாபட்டியின் பெரியவர்களும் விவேகத்தின் பெயரில்தான் பேசினார்கள்: ஊர் அமைதி கெடக்கூடாது, பழக்கம் மெல்லத்தான் மாறும் என்றார்கள். பொற்கொல்லனும் களவுநூலுக்கு உரை சொன்னவன்தான். அன்று அங்கே இருந்ததிலேயே திறமையான உரையாசிரியன் அவன். மேசைக்கு மேசை நியாயம் மாறினால், விதியை நம்பி வரும் ஏழைக்குத்தான் முதல் அடி. அவருக்குச் சிபாரிசு இல்லை. விதி மட்டுமே இருக்கிறது.

இந்த வாதத்தின் கனத்தை ஏற்கிறேன். ஆனால் அதிலிருந்து, கீழே இருப்பவர் எடைபோடவே கூடாது என்ற முடிவு வரவில்லை. எடைபோடாமல் விதியைச் செயலாக்க ஒருவராலும் முடியாது என்பதை மூன்று சான்றுகளும் காட்டுகின்றன. ஆகவே கேட்க வேண்டியது, எடைபோட்டவர் அதை எங்கே வைத்துச் செய்தார் என்பது. நாயுடு கோயில் வாசலில் வைத்துச் செய்தார். நீர்க்கட்டி மந்தையில் காரணம் சொல்ல வேண்டியவராகச் செய்தார். பொற்கொல்லன் காவலர்களின் காதோடு சொன்னான். ராஜினாமாக் கடிதத்தை எழுதவைத்தவர் யார் என்று எந்தக் கோப்பிலும் இல்லை. பாதிக்கப்படுபவர் எழுந்து கேட்கக்கூடிய இடத்தில், கேட்டால் பதில் சொல்ல வேண்டிய ஒருவர், விதியின் நோக்கத்தை முன்வைத்துக் கொள்ளும் பொருளே விவேகம் என்று மதிக்கத் தக்கது. மற்றது அதிகாரம்தான், அது எழுத்துப் பிசகாமல் நடந்தாலும் சரி, எழுத்தை மீறி நடந்தாலும் சரி.

வழக்குரை காதையில் பாண்டியனின் முதல் பதில், கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அல்ல, அதுவே அரசநீதி என்பது. விதி சரியானதுதான். அவன் கள்வனா என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை. கண்ணகி மன்னன்மேல் வைக்கும் குற்றச்சாட்டு அவன் கொடியவன் என்பது அல்ல, தேராதவன் என்பது. தேர்தல் என்றால் அப்போது ஆராய்ந்து தெளிதல். இப்போது அந்தச் சொல்லை வாக்குச்சாவடிக்குக் கொடுத்துவிட்டோம். சிலம்பை உடைத்ததும் முத்துக்குப் பதில் மாணிக்கம் தெறிக்க, மன்னன் அந்த ஒரு கணத்தில் தேர்ந்தான், உயிரும் விட்டான்.

கதை அங்கே முடிந்ததாகத்தான் பலரும் நினைவில் வைத்திருக்கிறோம். பாண்டிய நாட்டில் மழை பொய்த்து, நோயும் வறுமையும் வந்தன. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகியின் சினம் தணிக்க, ஒரே பகலில் ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலியிட்டான். மழை பெய்தது என்கிறது உரைபெறு கட்டுரை. அந்த ஆயிரம் பேரில் எவர் கையிலாவது சிலம்பு இருந்ததா என்று யாரும் கேட்டதாக அதில் இல்லை. இந்த முறை தயங்கி நின்ற காவலர்கூட ஒருவரும் இல்லை.